எந்த முறை, எந்த மருத்துவமனை?



பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் எங்களிடம் கேட்பவை இரண்டு. வயிற்றைத் திறந்து அறுவை செய்வது நல்லதா, சிறு துளைகள் வழியாகச் செய்வது நல்லதா? எந்த மருத்துவமனைக்குப் போவது?

முதல் கேள்விக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 48 மருத்துவமனைகள் சேர்ந்து விடை தேடின. 1994 முதல் 2001 வரை 872 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் தீர்மானித்தார்கள். மருத்துவரே தெரிந்தெடுத்தால் திடமானவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடக்கூடும் அல்லவா? முடிவு 2004-இல் வெளியானது. மூன்றாண்டுகளுக்குப் பின் துளை முறையில் நூற்றுக்கு 86 பேரும், திறந்த முறையில் 85 பேரும் உயிரோடிருந்தனர். துளை முறையில் பொதுவாக ஐந்து நாளிலும், மற்றதில் ஆறு நாளிலும் வீடு திரும்பினர். ஆனால் துளையிட்டுத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வயிற்றைத் திறக்கவே நேர்ந்தது.

இரண்டாம் கேள்வி கடினமானது. குடல் அடைத்து, வயிறு வீங்கி, கடைசி நேரத்தில் வருகிறவருக்கு ஆபத்து மிக அதிகம். அவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவமனையின் கணக்கு அழகாயிருக்கும். சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனையின் கணக்கில் மரணங்கள் கூடும். ஆகவே வயது, நோயின் நிலை, அவசரம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டே ஒப்பிடவேண்டும். இதைச் சாக்காகச் சொல்லிக் குறைகளை மூடவும் கூடாது. குடலை இணைத்த இடம் கசிந்தவர்கள் எத்தனை பேர், 30 நாளுக்குள் மரித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி எந்த மருத்துவமனையின் அறிக்கையைக் கையில் எடுத்தாலும், “எத்தனை பேர் பிழைத்தார்கள்?” என்பதோடு, “யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள்?” என்றும் கேளுங்கள்.