எந்தப் படை பெரியது? எந்த முடிவு சரி? – மாணவர் வாதத்தைப் பாடமாக்குதல்

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களின் இடைவேளைப் பேச்சில் இரண்டு வாதங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று, எந்த நாட்டு ராணுவம் பலமானது என்பது. மற்றொன்று, பார்த்து முடித்த அனிமே தொடரின் முடிவு சரியா, சொதப்பலா என்பது. போத்தனூர்ப் பக்கத்தில் முதல் வாதத்துக்குச் சூடு கொஞ்சம் அதிகம். சூலூர் விமானப்படைத் தளம் அருகில் இருக்கிறது. 2018 முதல் அங்கிருந்து தேஜஸ் விமானங்கள் பறந்ததை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

இந்த இரண்டு வாதங்களையும் வகுப்பறைக்குள் கொண்டுவரலாம். ஆனால் எதை முதலில் எடுப்பது என்பது முக்கியம். கதையின் முடிவை முதலில் எடுப்பதே நல்லது. கதை வாதத்தில் சான்றுகள் எல்லாம் எல்லாருடைய கைக்கும் எட்டும் இடத்தில் உள்ளன. புத்தகத்தைப் புரட்டினால் போதும். போரில் அப்படியில்லை. ஒவ்வொரு தரப்பும் தன் இழப்பைக் குறைத்தும் எதிரியின் இழப்பைக் கூட்டியும் சொல்லும். சான்று காட்டிப் பேசும் பழக்கம் எளிய களத்தில் வந்த பிறகே கடினமான களத்துக்குப் போக வேண்டும்.

கதை முடிவைப் பற்றிச் சண்டை போடுவது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. கதை சட்டென்று முடிந்துவிட்டதாகவும், பல பாத்திரங்களின் பிற்காலம் தெரியவில்லை என்றும் வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி அதற்காகவே ஒரு முடிவுரை எழுதி விளக்கம் தந்தார். ஜப்பானில் ஹஜிமே இசயாமாவின் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ சித்திரக்கதை 2021 ஏப்ரலில் முடிந்தபோதும் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அதே ஆண்டு வெளியான கடைசித் தொகுதியில் அவர் கூடுதல் பக்கங்களைச் சேர்த்தார். (இது வன்முறை மிகுந்த கதை. நாமாக வகுப்பில் திரையிட வேண்டியதில்லை. மாணவர்கள் பேச்சை எடுத்தால் ஒதுக்கவும் வேண்டியதில்லை.)

முதல் பாடவேளையில் ஒரே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினால் போதும். ‘முடிவு எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஒன்று. ‘முடிவு கதையோடு பொருந்தவில்லை’ என்பது வேறொன்று. முன்னதற்குச் சான்று தேவையில்லை, அது அவரவர் மனம். பின்னதைச் சொல்பவர், கதை எந்த இடத்தில் என்ன எதிர்பார்ப்பை உண்டாக்கியது, முடிவில் அது எப்படிக் கைவிடப்பட்டது என்று காட்டியாக வேண்டும்.

ஆதித்த கரிகாலனின் கொலை இதற்கு நல்ல பயிற்சி. நாவலில் கொலையாளி யார் என்பது உறுதியாகச் சொல்லப்படவில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சொல்லட்டும், ஒவ்வொருவரும் அத்தியாயத்தைக் காட்டட்டும். பிறகு உடையார்குடிக் கல்வெட்டுக்கு வரலாம். முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தூண்டியவர் யார் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வரலாற்று ஆய்வாளர்களே வேறுபடுகிறார்கள். நாவல் சொல்வது, கல்வெட்டு சொல்வது, நாம் ஊகிப்பது என்று கரும்பலகையில் மூன்று பத்தி போட்டு, மாணவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரிய பத்தியில் எழுதுங்கள். மூன்றாம் பத்தி நிரம்பி வழியும். அதைப் பார்த்து அவர்களே சிரிப்பார்கள்.

இனி ராணுவ பலம். மாணவர்கள் வழக்கமாகக் கொண்டுவருவது தரவரிசைப் பட்டியல். குளோபல் ஃபயர்பவர் பட்டியல் 60க்கும் மேற்பட்ட காரணிகளைக் கூட்டி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு புள்ளி தருகிறது. ஆனால் அணு ஆயுதங்களை அது கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த ஒரு தகவலே வகுப்பை யோசிக்க வைக்கும்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க விசைத்தறியைவிட நல்ல உவமை கிடைக்காது. சோமனூரில் ஒரு கூடத்தில் இருபது தறி நிற்கிறது. நூல் வரவில்லை, இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, நான்கு தறிக்கு உதிரிபாகம் இல்லை. பக்கத்துக் கூடத்தில் பத்துத் தறிதான், பத்தும் ஓடுகிறது. எந்தக் கூடம் பெரியது? ‘எத்தனை இருக்கிறது’ என்ற கேள்வி ‘எத்தனை ஓடும், எத்தனை நாள் ஓடும்’ என்று மாறும்போது பாடம் பாதி முடிந்துவிட்டது. சூலூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றும் இருக்கிறது என்பதை இங்கே சொல்லுங்கள். காணொளிகளில் வராத பலம் அது. போத்தனூர் சந்திப்பைக் கடந்து வரும் மாணவர்களிடம், எரிபொருளும் உணவும் குண்டும் எந்த வழியாகப் போகும் என்று கேட்டால் ரயில் பாதையும் ராணுவ பலத்தில் சேரும் என்பது விளங்கிவிடும்.

மூன்று நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் நம்முடையவற்றைவிடப் புதியவை. நீர் பாய்ச்சிச் சேறாக்கிய வயல்களிலும் கரும்புக் காட்டிலும் சிக்கி, பேட்டன் உட்படப் பாகிஸ்தானின் 90க்கும் மேற்பட்ட டாங்கிகள் அழிந்தன அல்லது பிடிபட்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளைத் தாக்கி வீரமரணம் அடைந்த அப்துல் ஹமீதுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1991இல் நேர்மாறான கதை. உலகின் மிகப்பெரிய படைகளில் ஒன்றாகக் கருதப்பட்ட ஈராக் ராணுவம், அமெரிக்கக் கூட்டணியின் தொழில்நுட்பத்தின் முன் தரைப்போரில் சுமார் 100 மணி நேரத்தில் குவைத்தை இழந்தது. 2022 ஏப்ரலில், பெரிய கடற்படை எதுவும் இல்லாத உக்ரைன் கரையிலிருந்து ஏவிய ஏவுகணைகளால் ரஷ்யாவின் கருங்கடல் தலைமைக் கப்பல் மாஸ்க்வா மூழ்கியது.

மூன்றிலிருந்தும் ஒரே விதியை எடுக்க முடியாது. அதுதான் இங்கே கற்க வேண்டியது. எந்த நிலத்தில், எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு காலம் என்பதைச் சொல்லாமல் ‘பலமான படை’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. படைமாட்சி அதிகாரத்தின் 763ஆம் குறளை இந்த இடத்தில் மாணவரையே வாசிக்கச் சொல்லலாம். எலியும் நாகமும் எண்ணிக்கையைப் பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்டு, அசல் உத்தருக்கும் ஈராக்குக்கும் அது ஒரே மாதிரி பொருந்துகிறதா என்றும் கேளுங்கள்.

இந்தப் பாடவேளையில் ஆசிரியர் கண்கொத்திப் பாம்பாய்க் கவனிக்க வேண்டியது, பேசுபவரை அல்ல, பேசாமல் போனவரை. போர்ப் பேச்சு சில நிமிடங்களில் ‘உங்க ஆளுங்க’ என்று பக்கத்து இருக்கையை நோக்கித் திரும்பிவிடக்கூடும். வகுப்பில் தந்தை எல்லையில் பணியாற்றும் மாணவி இருக்கலாம். இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். அவர்கள் வீட்டில் போர் என்பது தரவரிசை அல்ல, திரும்பி வராத ஒருவரின் பெயர். ஆகவே நாடுகளைப் பேசலாம், வகுப்பில் உள்ள எவரையும் எந்த நாட்டோடும் மதத்தோடும் சேர்த்துப் பேசக் கூடாது என்ற விதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மீறினால் விவாதத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பாடம் முடியாவிட்டால் பரவாயில்லை. நடந்துகொண்டிருக்கும் மோதலை எடுக்காமல், ஆவணங்கள் வெளிவந்துவிட்ட பழைய போர்களை எடுப்பது இதனாலும் பாதுகாப்பானது.

தொடக்க நிலையில் போர் வேண்டாம். பாட்டி வடை சுட்ட கதை போதும். பழைய கதையில் காக்கை ஏமாறுகிறது. புதிய கதையில் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடுகிறது. எந்த முடிவு நரிக்கு ஏற்றது, எது காக்கைக்கு ஏற்றது, பாட்டியைக் கேட்டால் என்ன சொல்வார் என்று மூன்றாம் வகுப்பிலேயே கேட்கலாம். பாட்டியைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். வடையை இழந்தவர் அவர்தான்.

மதிப்பீட்டுக்கு வெற்றி தோல்வி வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: எதிர்த்தரப்பு சொன்னதில் வலுவான ஒரு கருத்து, அதற்கு அவர்கள் காட்டிய சான்று, இன்னும் எனக்குத் தெரியாத ஒன்று. முதல் வரியை எதிர்த்தரப்பில் இருந்தவர் படித்து, ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று கையொப்பமிட வேண்டும். மூன்றாம் வரியை வெற்றிடமாக விட்டவர்களின் சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த பாடவேளையை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.