நடுவரைக் காக்கும் சட்டம்

சைனாடவுனுக்கு அருகே, ஹேவ்லாக் சதுக்கத்தில் 35 மாடிகளுடன் உயர்ந்து நிற்கிறது அரசு நீதிமன்றக் கட்டடம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் அங்குதான் இயங்குகிறது. 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இம்மன்றம், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு 30,000 வெள்ளி. இங்கு வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை. பழுதான பொருளை வாங்கிய வாடிக்கையாளரும் அதை விற்ற நிறுவனத்தின் சார்பாக வருபவரும் தங்கள் நியாயத்தைத் தாங்களே எடுத்துரைப்பர்.

தீர்ப்பு ஒரு பெரிய நிறுவனத்திற்கு எதிராக அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். செல்வாக்கு மிக்கவர்கள் நினைத்தவுடன் நடுவரை நீக்கிவிட முடிந்தால் என்ன ஆகும்? அடுத்த வழக்கில் அவர், “எது நியாயம்?” என்று எண்ணுவதற்கு முன், “என் பதவி நிலைக்குமா?” என்று எண்ணத் தொடங்குவார். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகக் கூறினார். ஒரு தட்டை அச்சம் அழுத்தினால் எடை சரியாக இருக்காது.

இங்கிலாந்து மன்னர்கள் ஒரு காலத்தில் தங்களுக்குப் பிடிக்காத நீதிபதிகளை விருப்பம்போல் நீக்கினர். அதற்குத் தடை போட 1701ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் நீடிக்கலாம் என்றது அச்சட்டம்.

சிங்கப்பூரில் அரசு நீதிமன்ற அதிகாரிகளின் நியமனத்தையும் ஒழுங்கு நடவடிக்கையையும் 2022 முதல் நீதித்துறைச் சேவை ஆணையம் கவனிக்கிறது. அதன் தலைவர் தலைமை நீதிபதி. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 98ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. தவறான நடத்தை அல்லது கடமையைச் செய்ய இயலாத நிலை ஆகியவையே அவர்களை நீக்குவதற்குரிய காரணங்கள். பிரதமரோ, பிரதமருடன் கலந்தாலோசித்த பின் தலைமை நீதிபதியோ இதனை அதிபரிடம் தெரிவிக்க வேண்டும். உடனே, குறைந்தது 5 பேர் கொண்ட நடுவர் குழுவை அதிபர் நியமிப்பார். அவர்கள் நீதிபதிகளாக இருப்பவர்களாகவோ இருந்தவர்களாகவோ இருக்க வேண்டும். அக்குழு பரிந்துரைத்தால்தான் நீதிபதியை நீக்க முடியும். விசாரணை முடியும்வரை, பிரதமரின் பரிந்துரையை ஏற்று, அதிபர் அவரைத் தற்காலிகமாகப் பணியிலிருந்து விலக்கி வைக்கலாம். நீதிபதியின் ஊதியத்தையும் அவருக்குப் பாதகமாக மாற்ற முடியாது.

இதனால், தவறு செய்த நீதிபதி தப்பித்துவிட முடியாது. நேர்மையாகத் தீர்ப்பளித்தவரைப் பழிவாங்கவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு நீதிபதிக்குக் கிடைத்த சலுகை அன்று. பணபலமும் பின்பலமும் இன்றி, ரசீதை மட்டும் நம்பி நீதி கேட்டு வரும் எளியவருக்கான பாதுகாப்பு அது.