சிறு சரக்கு வண்டியின் காலும் கையும்

மாதிரி இரயில் என்றவுடன், சாவி கொடுத்தால் வட்டமாக ஓடிச் சிறிது நேரத்தில் நின்றுவிடும் தகர வண்டியே நம்மில் பலர் நினைவிற்கு வரும். அது குழந்தைகளுக்கு உரியது. இங்கே நான் எழுத எடுத்துக்கொண்டது, பெரியவர்கள் பல்லாண்டு உழைத்துப் பயிலும் ஒரு கைத்தொழில். உண்மை வண்டியை அளவு பிசகாமல் சுருக்கிச் செய்து, அதைப் போலவே இழுத்தும் தள்ளியும் ஓட்டுவது அதன் நோக்கம். அமெரிக்காவில் இக்கலை பெரிதும் வளர்ந்துள்ளது. மாதிரி இரயில் அமைப்போர்க்கென அங்கே 1935ஆம் ஆண்டில் ஒரு தேசியச் சங்கம் தோன்றி, சக்கரம், தண்டவாளம், எடை ஆகியவற்றுக்கு அளவுமுறைகளை வகுத்தது.

இக்கலையின் மிகச் சிறிய பகுதி ஒன்றை மட்டும் பார்ப்போம். பழைய சரக்குப் பெட்டி ஒன்றின் போகியையும் இணைப்புக் கொக்கியையும் கழற்றிவிட்டு வேறு பொருத்துவது எப்படி? புதிய பெட்டிகள் விலை மிகுந்தவை. நம் போன்ற மாணவர் கைக்கு எட்டுவன பெரும்பாலும் யாரோ ஓட்டிக் கழித்த பழைய பெட்டிகளே. அவற்றை மீண்டும் ஓடச் செய்வதா, அலமாரியில் வைத்துப் பார்ப்பதா என்பது இவ்வேலையைப் பொறுத்தது.

ஒரு பெட்டி ஓடும்போது இரண்டே வகை இடங்களில்தான் பிறவற்றைத் தொடுகிறது. கீழே சக்கரத்தால் தண்டவாளத்தைத் தொடுகிறது. முனையில் கொக்கியால் அடுத்த பெட்டியைத் தொடுகிறது. போகி அதன் கால். கொக்கி அதன் கை. காலை மாற்றினால் கையின் நிலையும் மாறும். ஒன்றை விட்டு மற்றொன்றைத் திருத்த இயலாது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி இதுவே.

அளவு

இவ்வண்டிகளில் மிகுதியாக வழங்குவது ‘எச்.ஓ.’ என்னும் அளவு. இதில் உண்மைப் பொருளின் 1 அடி, 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கும், அதாவது 87.1இல் ஒரு பங்கு. அமெரிக்க இருப்புப்பாதையின் அகலம் 1,435 மி.மீ. அதை 87.1ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.5 மி.மீ. வரும். அதுவே மாதிரிப் பாதையின் அகலம். 40 அடிச் சரக்குப் பெட்டி 140 மி.மீ. ஆகும்; ஒரு சாண் நீளங்கூட இராது.

பெட்டி சுருங்குகிறது, ஆனால் நம் கை தவறும் அளவு சுருங்குவதில்லை. உண்மைப் பெட்டியில் அரை மில்லிமீட்டர் பிழையை யாரும் பொருட்படுத்தார். மாதிரியில் அதே அரை மில்லிமீட்டர், உண்மையில் 44 மி.மீ. பிழைக்குச் சமம். ஆகவே நம் ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவுகோலே இவ்வேலைக்கு முதற் கருவி.

போகி

பேச்சு வழக்கில் பெட்டி முழுவதையுமே ‘போகி’ என்கிறோம். இரயில்வேப் பட்டறையில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகளையும் நான்கு சக்கரங்களையும் தாங்கி, நடு முளையைச் சுற்றித் திரும்பும் சட்டத்துக்கே போகி என்று பெயர். அமெரிக்கர் அதனை ‘டிரக்’ என்பர். பெட்டிக்கு இரண்டு போகிகள்.

அமெரிக்கச் சரக்குப் போகியைக் கண்டே அது எக்காலத்தது என்று சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கியது, பட்டை இரும்புகளை வளைத்துத் திருகாணிகளால் முடுக்கிய ‘ஆர்ச் பார்’ போகி. திருகாணிகள் தளர்ந்தால் ஆபத்து. அதனால், ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் பாதையில் செல்லும் பொதுப் போக்குவரத்திலிருந்து அது 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலக்கப்பட்டது. அதற்கு முன்பே, பக்கச் சட்டம் முழுவதும் ஒரே துண்டாக எஃகில் வார்த்த போகி பரவிவிட்டது. அயோவா மாநிலத்துப் பெட்டன்டார்ஃப் நிறுவனத்தின் பெயராலேயே மாதிரிக் கலைஞர் அதனை அழைப்பர். அதன் அச்சு முனைகள், எண்ணெயில் ஊறிய நூற்கழிவு அடைத்த சிறு பெட்டிகளுக்குள் சுழன்றன. எண்ணெய் வற்றினால் சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. பின்னர் உருளைத் தாங்கி வந்தது. 1960களில் புதிய பெட்டிகளில் அது பரவலாயிற்று. இதில் அச்சு முனையின் மூடி, சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது வெளியே தெரியும்.

ஆகவே 1925ஆம் ஆண்டுப் பெட்டிக்கு உருளைத் தாங்கிப் போகி பொருத்துவது, நாடகத்தில் சோழ மன்னனின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிவிடுவது போன்றதே. பெட்டியின் காலத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகே போகியைத் தேட வேண்டும்.

இவ்வமைப்பை நம் நாட்டிலும் காணலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பக்கத்துப் பாதையில் மெல்ல நகரும் சரக்கு வண்டியைச் சன்னல் வழியே கவனியுங்கள். ‘காஸ்னப்’ என வழங்கும் போகியில், இரண்டு வார்ப்புப் பக்கச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றுமாக மூன்று பெரிய உறுப்புகள் இருக்கும். அமெரிக்கப் போகியின் அமைப்பும் அதுவே.

சக்கரமும் உயரமும்

அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளில் நெடுங்காலம் வழங்கிய சக்கரத்தின் விட்டம் 33 அங்குலம். 100 டன் பாரம் ஏற்றும் பெட்டிகளுக்கு 36 அங்குலம். எச்.ஓ. அளவில் முதலாவது 9.6 மி.மீ.; இரண்டாவது 10.5 மி.மீ. சிறியதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டால், ஆரத்தின் வேறுபாட்டளவு, அதாவது 0.44 மி.மீ., பெட்டி உயரும். கொக்கியும் உடன் உயரும். கொக்கியின் நடுப்பகுதி தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 25/64 அங்குலம், ஏறக்குறைய 9.9 மி.மீ., உயரத்தில் இருத்தல் வேண்டும். ஒரு பெட்டியின் கொக்கி உயர்ந்தும் அடுத்ததன் கொக்கி தாழ்ந்தும் இருந்தால், பாதை சற்று ஏறி இறங்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் பிடியிலிருந்து நழுவிவிடும். வண்டி இரண்டாகப் பிரியும்.

முக்காலியின் பாடம்

அடுப்புக்கு மூன்று கல் வைத்தார்கள் நம் முன்னோர், நான்கு வைக்கவில்லை. மேடு பள்ளமான தரையிலும் முக்காலி ஆடுவதில்லை, நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை உறுதி செய்யும் என்னும் வடிவக் கணிதமே இதற்குக் காரணம். போகியைப் பொருத்தும் போதும் இதுவே விதி. ஒரு போகியின் திருகாணியை, அது இடம் வலமாகத் திரும்ப மட்டும் இடம் விட்டு, பக்கவாட்டில் சாயாதபடி முடுக்க வேண்டும். மற்றொன்றை எப்பக்கமும் அசையுமாறு சற்றுத் தளர விட வேண்டும். முதற்போகியின் இரு பக்கங்கள் இரண்டு புள்ளிகள். மற்றதன் நடு முளை மூன்றாம் புள்ளி. இரண்டையும் தளர விட்டால் பெட்டி தள்ளாடும். இரண்டையும் முடுக்கிவிட்டால் பாதை சற்றே கோணலான இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

எடைக்கும் ஒரு விதி உண்டு. மேற்சொன்ன சங்கத்தின் பரிந்துரைப்படி, எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் எடை வேண்டும். 140 மி.மீ. என்பது 5.5 அங்குலம், ஆகவே நம் பெட்டிக்கு 3.75 அவுன்சு, ஏறக்குறைய 106 கிராம் தேவை. குறைந்தால் உள்ளே இரும்புத் துண்டை ஒட்டலாம். தரையோடு ஒட்டித் தாழ வைப்பது நலம்.

கொக்கியின் கதை

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெட்டிகளை வளையமும் முளையும் கொண்டு பிணைத்தனர். இரண்டு பெட்டிகள் நெருங்கி வரும்போது தொழிலாளி நடுவே நின்று, வளையத்தைக் கையால் பிடித்துத் துளைக்குள் செலுத்தி, முளையை இறக்க வேண்டும். விரல் இழந்தோர் பலர். உயிர் இழந்தோரும் பலர். ஈலை ஜானி என்பவர், கடையில் பணியாற்றிய காலத்தில் ஓய்வு நேரங்களில் மரத்தைச் செதுக்கிப் புதுக் கொக்கி ஒன்றின் மாதிரியைச் செய்தார். மடக்கிய விரல்கள் இரண்டு ஒன்றையொன்று பற்றுவது போல, மோதியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் அக்கொக்கிக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். தானியங்கிக் கொக்கியைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893இல் வந்தது. 1900இல் முழு நடைமுறைக்கு வந்தது. இடையே லொரென்சோ காஃபின் போன்றோர் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தொழிலாளர் இழந்த விரல்களுக்கு ஈடாக இரும்பு விரல் வந்தது எனலாம். நம் நாட்டுச் சரக்குப் பெட்டிகளின் நடுக் கொக்கியும் இவ்வழியில் வந்ததே.

மாதிரி வண்டிகளின் உலகில் இக்கதை சிறிய உருவில் மீண்டும் நடந்தது. 1950களில் ‘எக்ஸ்2எஃப்’ என்னும் கொம்பு வடிவக் கொக்கி தோன்றியது. காப்புரிமை இல்லாததால் எல்லா நிறுவனங்களும் அதனைத் தம் பெட்டிகளில் மாட்டின. மலிவானது, ஆனால் உண்மைக் கொக்கியின் சாயல் சிறிதும் இல்லை. ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கிப் பிடிப்பதால், தள்ளும்போது பெட்டியை ஒரு பக்கமாக உந்தவும் செய்யும். ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கீத், டேல் எட்வர்ட்சு சகோதரர்கள் ஜானியின் விரல் வடிவையே சிறிதாக்கி, பாதைக்கு அடியில் வைத்த காந்தத்தால் திறக்குமாறு அமைத்தனர். இருவர் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘கேடீ’ என்று நிறுவனப் பெயராயின. நம் ஊரில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு எனினும், கொக்கி நல்ல கொக்கியே.

இழுப்பதும் தள்ளுவதும்

மலிவான பெட்டிகளில் கொக்கி போகியோடு ஒட்டியிருக்கும். பெட்டியை இழுக்கும்போது குறையொன்றும் தெரியாது. தேர் வடத்தை இழுத்தால் அது தானே நேராகிறது. விசை எல்லாவற்றையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருகிறது. வடத்தைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், வளைந்து மடங்கும். போகியில் மாட்டிய கொக்கியைத் தள்ளும்போதும் இதுவே நிகழ்கிறது. விசை சிறிது கோணலாக வந்தாலும், அது நடு முளையைச் சுற்றிப் போகியை மேலும் திருப்பும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறும். பெட்டி தடம் புரளும். எங்கள் விடுதியில் நண்பர் ஒருவரிடம் இத்தகைய பெட்டிகள் நான்கு உள்ளன. முன்னோக்கி இழுத்தால் மணிக்கணக்கில் ஓடும். பின்னோக்கித் தள்ளினால் முதல் வளைவிலேயே கவிழும்.

கொக்கியைப் பெட்டியின் அடித்தளத்தில் பொருத்தினால், தள்ளும் விசை பெட்டியின் உடல் வழியே சென்றுவிடும். போகிக்குத் தாங்குவதும் திரும்புவதுமே வேலை. உண்மை வண்டியின் முறையும் இதுவே.

எனினும் போகியில் கொக்கியை மாட்டியவர்கள் அறியாமல் செய்யவில்லை. அதற்கு வளைவுக் கணக்கே காரணம். பெட்டியின் நடுவிலிருந்து கொக்கி வரை உள்ள தொலைவைக் ‘க’ என்றும், போகியின் முளை வரை உள்ள தொலைவைப் ‘ப’ என்றும், வளைவின் ஆரத்தை ‘ஆ’ என்றும் கொண்டால், கொக்கி பாதையின் நடுக்கோட்டிலிருந்து விலகும் அளவு ஏறக்குறைய

(க² − ப²) ÷ 2ஆ

ஆகும். 18 அங்குல ஆரம் என்பது 457 மி.மீ. 40 அடிப் பெட்டிக்குக் ‘க’ 77, ‘ப’ 54 எனக் கொண்டால் விலகல் 3.3 மி.மீ. 89 அடித் தட்டைப் பெட்டிக்குக் ‘க’ 161, ‘ப’ 115 எனக் கொண்டால் விலகல் ஏறக்குறைய 14 மி.மீ. இரண்டையும் அடுத்தடுத்துப் பூட்டினால், கொக்கிகளுக்கிடையே 10 மி.மீ.க்கு மேல் வேறுபாடு. கொக்கி அவ்வளவு அசையாது; நீண்ட பெட்டி குட்டையானதைப் பாதையிலிருந்து இழுத்தெறியும். கொக்கி போகியில் இருந்தால் பாதையோடு ஒட்டித் திரும்பும், இத்தொல்லை இல்லை. சிறிய மேசையில் கூர்மையான வளைவு அமைப்பவர்க்காகவே விற்பவர் அம்முறையைக் கொண்டனர். ஆகவே கொக்கியைப் பெட்டிக்கு மாற்றுபவர் தம் பாதையின் ஆரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரத்தை இரு மடங்காக்கினால் வேறுபாடு பாதியாகும்.

செய்முறை

(1) பெட்டியின் காலத்தை முடிவு செய்து, அதற்கேற்ற போகியும் சக்கரமும் தேர்ந்தெடுக்கவும். உலோகச் சக்கரமும் ஊசிமுனை அச்சும் உராய்வைக் குறைக்கும். இரும்பு அச்சு வேண்டா. பாதைக்கு அடியிலுள்ள காந்தம் அதனைப் பற்றி இழுக்கும்.

(2) பழைய போகியையே வைத்துக்கொள்வதாயின், அதிலிருந்து நீளும் கொக்கித் தண்டை வெட்டி, முனையை அரத்தால் மழுங்கத் தேய்க்கவும்.

(3) முதலில் போகிகளைப் பொருத்தி, பெட்டியைச் சமதளப் பாதையில் நிறுத்தவும். பிறகே கொக்கியின் உயரத்தை அளக்கவும். இவ்வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இருமுறை செய்ய நேரும்.

(4) கொக்கி தாழ்ந்திருந்தால், போகிக்கும் பெட்டிக்கும் இடையே மெல்லிய வாஷர் இடவும். 0.25 மி.மீ., 0.38 மி.மீ. கனத்தில் இவை கிடைக்கின்றன. உயர்ந்திருந்தால், கொக்கிக் கூட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தகடு வைத்து இறக்கவும். அல்லது தண்டு வளைந்த கொக்கியை வாங்கவும்.

(5) கொக்கிக் கூட்டைத் திருகாணியால் மாட்டவும். பசையால் ஒட்டினால், பின்னர்ப் பழுது பார்க்க முடியாது. பசை உள்ளே கசிந்து கொக்கியும் அசையாது போகும்.

(6) எடையைச் சரி செய்யவும். வாஷரால் உயர்த்திய பெட்டியின் எடை மையமும் உயர்ந்திருக்கும் என்பதை மறத்தலாகாது.

(7) இறுதியாக, வண்டியின் நடுவில் அப்பெட்டியைக் கோத்து, வளைவிலும் பாதை பிரியும் இடத்திலும் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கவும். இழுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

முடிவு

விசையின் திருப்புதிறனைப் பற்றித் தேர்வில் நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதே திருப்புதிறன் ஒரு சாண் பெட்டியைக் கவிழ்ப்பதைக் கண்ணால் கண்டவன் அதனை மறப்பதில்லை. இவ்வேலைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் அரம், ஒரு திருப்புளி, ஒரு வெர்னியர், பொறுமை இவை போதும். மாற்றும் முன் அளந்து பாருங்கள். மாற்றிய பின்னும் அளந்து பாருங்கள். ஓர் உறுப்பைத் தொடும்போது அது வேறு எதனை அசைக்கிறது என்று கேளுங்கள். பெட்டிக்குப் பொருந்தும் இக்கேள்வி, நாம் தொடும் பிற கருவிகளுக்கும் பொருந்தும்.