ஏடும் பதிப்பும்

பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை; சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இராது. குறிலும் நெடிலும் மயங்குதலால், ‘கொடு’ என்பதோ ‘கோடு’ என்பதோ இடம் நோக்கியே துணியப்படும்.

இத்தகைய ஏடுகளை ஆராய்ந்து அச்சிட்டவர்களுள் தலைசிறந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். மூலத்தையும் உரையையும் அவர் பிரித்துக் காட்டினார். ஏடுகளில் மாறி வந்த பாடங்களை அடிக்குறிப்பில் அமைத்தார். 1894-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இல. ஏடுகளில் அவை கிடைத்தில. ஆயினும் அவ்வெண்களை மாற்றி அவ்வெற்றிடத்தை மறைத்தாரல்லர்.

இளமையில் யான் ஓர் ஏட்டைப் பெயர்த்தெழுதினேன். செல்லரித்த ஓரிடத்தில் பொருந்திய சொல்லொன்றை யானே எழுதி நிரப்பினேன். அதனைக் கண்ட என் ஆசிரியர், “இஃது ஏட்டின் சொல்லா, உன் சொல்லா?” என வினவினார். யான் நாணித் தலைகுனிந்தேன். “இன்று நீயேனும் அறிவாய், நாளை இதனைப் படிப்பவன் எவ்வாறு அறிவான்?” என்றார் அவர். அன்றே அச்சொல்லைப் பகர அடைப்புக்குள் இட்டேன்.

நீவிரும் கட்டுரை வரையுங்கால் பிறர் மொழியை மேற்கோட்குறிக்குள் இடுமின்; நூற்பெயரையும் பக்க எண்ணையும் அடியில் குறிமின். இக்குறிகள் கட்டுரைக்கு அணியல்ல. பிறர் பொருளைப் பிறர் பொருளென ஒப்புக்கொள்ளும் வாய்மையே ஆகும்.