சி மட்டும் போதும், மகள்

கண்டி

அன்பின் மகள் தர்ஷினிக்கு,

பேராதனைக்குப் படிக்கப் போக முன் பாவித்த லெப்டொப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னா. டிஸ்க்கை சி, டி என்று பிரித்துத் தரவா எனக் கடைக்காரர் கேட்க, மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஹுன்னஸ்கிரியவுக்குத் திரும்பிவிட்டாயாம். நல்ல காரியம். என் பதில், பிரிக்க வேண்டாம். ஏன் என்று விளங்கிக்கொண்டால் அடுத்த டிஸ்க்குக்கு நீயே முடிவெடுப்பாய்.

பார்ட்டிஷன் போடும் பழக்கம் ஒரு காலத்துக் கட்டாயத்தில் வந்தது. 1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியின் ஹார்ட் டிஸ்க் வெறும் 10 எம்பி. பிறகு டிஸ்க்குகள் பெருத்தன, அவற்றைக் கையாண்ட டொஸ் இயங்குதளம் அதே வேகத்தில் வளரவில்லை. 80களின் பிற்பகுதி வரை ஒரு பிரிவுக்கு 32 எம்பிதான் எல்லை. விண்டோஸ் 95 முதலில் வந்தபோதும் 2 ஜிபியைத் தாண்ட முடியவில்லை. அதைவிடப் பெரிய டிஸ்க்கைத் துண்டு போட்டே ஆகவேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் காரணம் மாறியது. வைரஸ் வந்தால் சி-யை போர்மட் பண்ணுவார்கள், டி-யில் உள்ளது தப்பும். இப்போது உன் பைல்களை அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதிதாகப் போடும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் கடைகளில் நிற்கிறது.

உன்னுடையது 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 238 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதே. டிஸ்க் செய்பவர்கள் 1000ஆல் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் போடுகிறது. இதில் சி-க்கு 100, மிச்சம் டி-க்கு என்று வைத்துக்கொள். விண்டோஸ் அப்டேட், ஒபிஸ், ஸூம், டவுன்லோட் எல்லாம் சி-யில்தான் இறங்கும். டெஸ்க்டொப்பில் நீ போடும் பைலும், நீயாக இடம் மாற்றாவிட்டால், சி-யில்தான் கிடக்கும். ஒரு நாள் சி-யின் கோடு சிவப்பாகிவிடும், டி-யில் 100 ஜிபி சும்மா கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து சி-யில் ரைட் கிளிக் பண்ணினால் 'எக்ஸ்டெண்ட் வொலியூம்' மங்கிப்போய்த் தெரியும். சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் வெற்றிடம் இருந்தால்தான் அது நீளும். டி-யைச் சுருக்கினாலும் வெற்றிடம் டி-யின் வால்பக்கம்தான் கிடைக்கும். டி-யை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு மென்பொருளால் நகர்த்த வேண்டும். நகர்த்தும் நடுவில் கரன்ட் போனால் இரண்டும் போகலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். பாவித்த லெப்டொப்பின் பற்றரியை நம்பி அந்த வேலையில் இறங்காதே.

'டி-யில் இருந்தால் பத்திரம்' என்பார்கள். லயத்துக் காம்பராவை நடுவில் சேலை கட்டி இரண்டாக்கினாலும் கூரைத் தகரம் ஒன்றுதான், ஒழுகினால் இரண்டு பக்கமும் நனையும். எஸ்எஸ்டி பழுதானால் சி-யும் டி-யும் சேர்ந்தே போகும், அதுவும் பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல். லெப்டொப் திருட்டுப் போனாலும் கதை அதேதான். பத்திரம் வேண்டுமானால் பிரதி வேறொரு பெட்டியில் இருக்க வேண்டும். ஆகவே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வீட்டு அலுமாரியில் வை. மஹியங்கனை ரோட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் புதிய பைல்களை அதில் கொப்பி பண்ணு. லெப்டொப் பேராதனையில், பிரதி ஹுன்னஸ்கிரியவில். இதைவிட நல்ல பார்ட்டிஷன் கிடையாது.

பிரிக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. படிப்புக்கு லினக்ஸ் தேவைப்பட்டு, அதையும் விண்டோஸையும் ஒரே மெஷினில் வைக்க வேண்டுமென்றால் தனிப் பிரிவு தேவை. உபுண்டுவுக்கு 25 ஜிபியாவது ஒதுக்க வேண்டும். அதற்கு முன் பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் கைவைக்கத் தேவையில்லை. 1 டிபி டிஸ்க்கைத் தம்பியோடு பங்குபோட்டுப் பாவித்தாலும் பிரிப்பதில் அர்த்தம் உண்டு.

அப்படியொரு நாள் வந்தால் முதலில் எல்லாவற்றையும் வெளியே கொப்பி எடு. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்று பார். போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கடதாசியில் எழுதி வை, அது இல்லாமல் லொக் ஆகிவிட்டால் யாராலும் திறக்க முடியாது. சார்ஜரை மாட்டிக்கொண்டு விண்டோஸின் 'ஷ்ரிங்க் வொலியூம்' வழியாகவே சுருக்கு. பக்கத்தில் இஎஃப்ஐ, ரிக்கவரி என்று சின்னச் சின்னப் பிரிவுகள் தெரியும். இடம் வீணாகிறதென்று அவற்றை அழித்துவிடாதே, இஎஃப்ஐ போனால் விண்டோஸ் எழும்பாது.

இப்போதைக்குக் கடைக்காரரிடம் "ஒரே சி-யாக விடுங்கள் அண்ணா" என்று சொல். பாடத்துக்கு ஒரு போல்டர் போட்டுக்கொள். இதற்குப் பிறகும் டி வேண்டும் என்று தோன்றினால், எதற்கு என்று ஒரே வரியில் எழுதி அனுப்பு. காரணம் சரியென்றால் நானே வந்து பிரித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மாமா