நீரிழிவுக் கால்புண்: கட்டிலருகே இருக்கும் துணைவருக்கு

நீரிழிவுக் கால்புண்ணுக்காக ஒருவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் முதல் நாள் மாலையில், நோயாளியைக் காட்டிலும் கலங்கி நிற்பவர் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கைத் துணையே. அண்மையில் ஓர் அம்மையார் கணவரின் கட்டிலருகே நின்று, "நான் ஆக்கிப் போட்டதாலதான் இப்படி ஆயிடுச்சா, டாக்டர்?" என்று கேட்டார். அவருடைய கணவர் கடை வைத்திருப்பவர். 14 ஆண்டுகளாக நீரிழிவு. செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு ஒரு நாள் முழுவதும் நடந்திருக்கிறார். வலிக்கவேயில்லை. நான்காம் நாள் துர்நாற்றம் வீசிய பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை, உடலின் மிக நீளமான நரம்புகளையே முதலில் கெடுக்கிறது. அவை முடியும் இடம் பாதம். ஆகவே அங்கே வலி என்னும் காவல் இல்லாமற்போகிறது. இரத்தக் குழாய்களும் குறுகியிருந்தால், மருந்தும் பிராணவாயுவும் புண்ணுக்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. கிருமித்தொற்று சர்க்கரையை ஏற்றுகிறது. ஏறிய சர்க்கரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைத் தளர்த்துகிறது. ஆண்டுகள் பல சேர்ந்து செய்த இந்தக் கேட்டுக்கு ஒரு சமையலறையைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. அந்த அம்மையாருக்கும் இதையே சொன்னோம்.

சேர்ந்தவுடன் இன்சுலின் தொடங்குவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர், "இனி ஆயுள் முழுவதும் ஊசிதானா?" என்று கேட்கின்றனர். தொற்றும் அறுவைச் சிகிச்சையும் உள்ள நாட்களில் மாத்திரைகளை நம்பியிருக்க இயலாது. இன்சுலினின் அளவை நாளுக்கு நாள் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் வசதி. புண் ஆறியபின் மாத்திரைக்குத் திரும்பியோர் பலர் உண்டு. ஊசியைத் தொடர வேண்டியோரும் உண்டு. எது என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.

வார்டில் துணைவரின் கண்கள் எங்கள் கருவிகளைவிடப் பயன்படும் தருணம் ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டாயிற்று. நோயாளியோ குமட்டலால் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார். அதைச் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் அது தாழ்சர்க்கரை நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவற்றோடு, வழக்கத்துக்கு மாறான கோபமும் அதன் அடையாளமாகலாம். முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவருக்குத்தான் 'இது அவர் பேச்சு இல்லையே' என்று தோன்றும். வார்டில் முதலில் செவிலியரை அழையுங்கள். வீட்டிலென்றால், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவு பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்சை அழையுங்கள். உறவினர் அன்போடு கொண்டுவரும் பழச்சாற்றையும் இனிப்பையும் தடுக்கும் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். "டாக்டர் திட்டுவார்" என்று எங்கள் மேல் போட்டுவிடுங்கள்.

இனி, எவரும் கேட்க விரும்பாத செய்தி. விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ அகற்ற வேண்டும் என்று அறுவைச் சிகிச்சை நிபுணர் சொல்கிறார். ஊரிலிருந்து பெரியவர் வரட்டும், நாளை பார்ப்போம் என்று குடும்பம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரியாததன்று. எனினும், சீழ் தசைநார்களின் உறை வழியாக மேலேறும்போது ஓர் இரவு என்பது நீண்ட காலம். விரலோடு முடிந்திருக்க வேண்டியது முழங்காலுக்குக் கீழ் வரை சென்றதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே நேராகக் கேளுங்கள்: இன்றே செய்யாவிட்டால் என்ன ஆகும்? காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்தீர்களா? அடைப்பை நீக்க வழியுண்டா? எதுவரை அகற்றுவீர்கள்? காய்ச்சலும் குளிரும் இல்லாமல், சிவப்பு மேலே பரவாமல் இருந்து, காத்திருக்கலாம் என்று மருத்துவரும் சொன்னால், வேறொரு நிபுணரின் கருத்தையும் கேட்கலாம். அதற்காக நாங்கள் மனம் வருந்துவதில்லை.

"அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்ற வேண்டுகோளுக்கு மட்டும் நாங்கள் இணங்குவதில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு மருத்துவமனையில், வீட்டார் கேட்டுக்கொண்டபடி நோயாளியிடம் 'புண்ணைச் சுத்தம் செய்யப் போகிறோம்' என்று மட்டும் சொன்னோம். கட்டுப் பிரித்தபோது அவர் இரண்டு விரல்களைக் காணவில்லை. எங்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை; மனைவியோடுதான் பல நாள் பேசவில்லை. நினைவோடு இருப்பவரின் கால் அவருடையது, சம்மதமும் அவருடையதே. நாங்கள் சொல்லும்போது நீங்கள் அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம்; இல்லாத விரல் வலிக்கிறது என்றும் சொல்லலாம். அது கற்பனையன்று, அதற்கு மருந்துண்டு. ஊணும் உறக்கமும் இரு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

கணவர்மாருக்குத் தனியே ஒரு சொல். பெண்கள் கால்புண்ணை மறைத்து வைத்து, வீட்டு வேலை நின்றுவிடுமே என்று தாமதமாக வருகின்றனர். உடன் வரும் கணவரிடம் என்னென்ன மாத்திரை என்று கேட்டால், "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு" என்கிறார். மருந்துச் சீட்டை இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு இருப்பவரும் நீரிழிவு உடையவராக இருப்பது அரிதன்று. வார்டுத் தரையில் படுத்து, தம் மாத்திரையை மறந்து, மூன்றாம் நாள் தாமே மயங்கி விழுந்தோரும் உண்டு. இரவுக் காவலை மகனிடமோ மைத்துனரிடமோ மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

வீடு திரும்பியபின் புண்ணின் முதற்பகை உடலின் எடை. 'நாலடிதானே' என்று கழிவறைக்கு அந்தக் காலை ஊன்றி நடக்கும் ஒவ்வொரு முறையும், புதிதாய் வளர்ந்த தசை நசுங்குகிறது. சொல்லிக் கொடுத்தபடி வாக்கரோ சக்கர நாற்காலியோ வேண்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சியற்ற காலுக்குச் சூடு தெரியாது. குளிக்கும் நீரையும் உங்கள் கையால் தொட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், புண்ணில் மஞ்சளோ பச்சிலையோ அப்புவதும் கூடாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல் காலைச் சுட்டுவிடும். புண் ஆறியபின் விடியற்காலையில் சென்று வரலாம், அப்போதும் காலுறை அணிந்து செல்வது நல்லது. நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவருக்கு உங்கள் கண்ணே கண்ணாடி.

அந்தக் கடைக்காரருக்கு ஒரு விரல் போயிற்று, பாதம் நின்றது. ஆறாம் வாரம் வந்தபோது, அவர் செருப்பு அணியுமுன் அம்மையார் அதைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்த பிறகே கீழே வைத்தார். புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, நோயாளி வீட்டிலும் வெளியிலும் அணியும் எல்லாச் செருப்புகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். புண்ணோடு அவற்றையும் நாங்கள் பார்க்க வேண்டும்.