டிவி ரெக்கார்டிங்: டிஸ்க் நிறையும் முன் என்ன செய்வது?

உங்கள் செட் டாப் பாக்ஸின் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறதா? இருந்தால், பெரும்பாலான பாக்ஸ்களில் அதில் பென் டிரைவ் அல்லது ஹார்ட் டிஸ்க்கைச் செருகி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யலாம். சில பாக்ஸ்களில் உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கும். வாங்கிய புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் பதிவு செய்வோம். இரண்டு மாதம் கழித்து, உள்ளூர்க் கோயில் விழாவில் உங்கள் மகள் பாடிய நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் நேரத்தில் "இடம் இல்லை" என்று திரையில் வரும்!

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சாதாரண சேனல் ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு அரை மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. எச்டி சேனல் 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. சேனலுக்குச் சேனல் இது மாறும். ஆனாலும் திட்டமிட இது போதும். 32 ஜிபி பென் டிரைவில் சாதாரண சேனல் 16, 17 மணி நேரமும் எச்டி சுமார் 8 மணி நேரமும் பிடிக்கும்.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸ் 465 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இடத்தைத் தின்பது சினிமா அல்ல, சீரியல்தான். வாரம் ஆறு நாள், தினம் அரை மணி நேரம் என்றால் மாதம் 13 மணி நேரம். எச்டியில் இது கிட்டத்தட்ட 47 ஜிபி. வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு சீரியலைத் தொடர் பதிவில் போட்டுவிட்டு, பார்த்ததை அழிக்காமல் விட்டால் 500 ஜிபி டிஸ்க் நான்கு மாதம்கூடத் தாங்காது. தொடர் பதிவுக்கான மெனுவில் "கடைசி 5 பகுதிகள் மட்டும்" என்பது போன்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். செய்திகளுக்கு ஒன்றே போதும். பழைய செய்தியை யார் பார்க்கப் போகிறார்கள்?

கவனம் வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இடம் தீர்ந்தால் சில பாக்ஸ்கள் புதிய பதிவை நிறுத்திவிடும். வேறு சில, பழைய பதிவைத் தாமாகவே அழித்து இடம் செய்துகொள்ளும். 1999ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவோ ரெக்கார்டர் இரண்டாவது வகை. அதன் சிறிய மாடலில், தரத்தைக் குறைத்து வைத்தால்கூட 14 மணி நேரம்தான் பதிவு செய்ய முடியும், வேறு வழியில்லை. உங்கள் பாக்ஸ் எந்த வகை என்று செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள். இரண்டாவது வகை என்றால், மகள் பாடிய பதிவைத் தேர்ந்தெடுத்து "லாக்" அல்லது "கீப்" என்ற வசதியை இன்றே கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கை பாக்ஸிலேயே பார்மட் செய்வது நல்லது. ஆனால் பார்மட் செய்தால் அதில் ஏற்கெனவே இருக்கும் போட்டோக்கள், பைல்கள் எல்லாம் போய்விடும். பல பாக்ஸ்கள் பேட்32 முறையைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரப் படம் இரண்டு, மூன்று துண்டுகளாக இருந்தால் பயப்படாதீர்கள். ஒன்றை மட்டும் அழித்துவிடவும் வேண்டாம்.

பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா? இலவச சேனல்களை மறையாக்கம் இல்லாமல் பதிவு செய்யும் பாக்ஸ் என்றால் முடியும். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகி, பைலைக் காப்பி செய்து, விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். கட்டணச் சேனல் பதிவுகள் பெரும்பாலும் பூட்டப்பட்டே சேமிக்கப்படும். அவை அந்த ஒரு பாக்ஸில் மட்டும்தான் ஓடும். பாக்ஸ் பழுதாகி வேறு மாற்றினால், சில நிறுவனங்களில் சந்தா முடிந்தாலே, பதிவுகள் டிஸ்க்கில் இருந்தும் பார்க்க முடியாது. எனவே வீட்டு நிகழ்ச்சி எதையும் இந்த வகைப் பதிவை மட்டும் நம்பி வைக்காதீர்கள். டிவி நிலையத்திடமே ஒரு பிரதி கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் அழிக்கும்போதும் ஒரு வேறுபாடு உண்டு. பென் டிரைவில் அழித்த பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். வெளி ஹார்ட் டிஸ்க்கில் அழித்தால் பைல் அதே டிஸ்க்கில் உள்ள ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். அதையும் காலி செய்யாமல் டிஸ்க்கைக் கழற்றி பாக்ஸில் செருகினால், "இடம் இல்லை" என்ற அதே செய்திதான் மறுபடியும் வரும்.